வாலென்சியா பழைய டவுன் எல் கார்மென்: அம்மாவையும் பையனையும் கூட்டிட்டு போலாமா?

குளிர்ல நடுங்கி:

மக்களே ஒரு டவுட். பிப்ரவரி கடைசி வாரம் வியாழன் காலைல இறங்கி ஞாயிறு ராத்திரி திரும்புற மாதிரி ஸ்பெயின்ல இருக்குற வாலென்சியாவுக்கு டிக்கெட் போட்டாச்சு. ஃப்ராங்க்ஃபர்ட்ல சூரியன பாத்தே ரொம்ப நாள் ஆச்சு, விலை கம்மியா கண்ணுல பட்டுச்சு, யோசிக்காம அமுக்கிட்டேன், இப்போ உக்காந்து யோசிக்கிறேன். நாங்க நாலு பேரு. நான், வீட்டுக்காரர், 6 வயசு பையன், ஊர்லேர்ந்து வந்திருக்குற எங்க அம்மா. அம்மாவுக்கு முட்டி வலி, ரொம்ப படி ஏற முடியாது, சுத்த சைவம், முட்டை கூட கிடையாது.

எல்லாரும் எல் கார்மென்னு ஒரு பழைய ஏரியாவ சொல்றாங்க. போட்டோல பாத்தா சந்து சந்தா இருக்கு, சுவரு பூரா பெயின்டிங், பால்கனில துணி காயுது, நல்லா தான் இருக்கு. ஆனா ஒரு வீடியோல பகல்ல ஷட்டர் எல்லாம் இழுத்து மூடி அது மேல கிறுக்கி வெச்சு ஒரு மாதிரி இருந்துச்சு, அதே தெருவ ராத்திரி காட்டுறான், ஒரே குடி கும்பல். எத நம்புறதுனு தெரியல. அங்கேயே ரூம் போடலாமா இல்ல வெளில தங்கிட்டு போய் பாத்துட்டு வரலாமா? அம்மாவ வெச்சுகிட்டு எவ்ளோ பாக்க முடியும்? சாப்பாட்டுக்கு என்ன பண்றது? அந்த வெள்ளை வெள்ளையா இருக்குற சயின்ஸ் மியூசியம் பக்கம்லாம் வீட்டுக்காரர் பாத்துக்குவார், எனக்கு பழைய டவுன் மட்டும் சொல்லுங்க போதும்.

கீழத்தெரு ஆளு:

அக்கா, நான் மாஸ்டர்ஸ் படிக்கும்போது 2 வருஷம் எல் கார்மென்ல தான் குடியிருந்தேன். தெரு பேரு காயே பாஹா, அதாவது கீழத்தெரு. அதுக்கு இணையா ஓடுறது காயே ஆல்தா, மேலத்தெரு. வாடகை பேப்பர்ல அட்ரஸ் படிச்சதும் சிரிச்சுட்டேன், ஸ்பெயின் வரைக்கும் வந்து கீழத்தெருல தானாடானு வீட்ல ஓட்டுனாங்க. அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், டீ போட்டுட்டு வந்து படிங்க.

நீங்க வீடியோல பாத்த பகல், ராத்திரி ரெண்டும் உண்மை தான். அந்த ஏரியாவுக்கு ஒரு நாளைக்கு மூணு முகம் இருக்கு, காலைல 9 லேர்ந்து 1 மணி வரைக்கும் ஒண்ணு, மதியம் 2 லேர்ந்து 5 வரைக்கும் செத்துப்போன மாதிரி ஒண்ணு (கடைய சாத்திட்டு சாப்ட போயிருவாங்க, உங்க வீடியோகாரன் அப்போ தான் போயிருப்பான்), ராத்திரி 10க்கு மேல இன்னொண்ணு. உங்களுக்கு காலை முகம் தான் சரி. காலைல பாட்டிங்க தள்ளுவண்டிப் பைய இழுத்துட்டு மார்க்கெட்டுக்கு போவாங்க, ராத்திரி குடிச்சவங்க விட்டுட்டு போனத முனிசிபாலிட்டி ஆளு குழாய வெச்சு கழுவிட்டு இருப்பாரு, ஈரக் கல்லு மேல வெயில் விழும். அந்த நேரத்துல தான் அது ஊரு மாதிரி இருக்கும்.

அப்புறம் அந்த ஏரியா ஏன் அப்படி கோணல் மாணலா இருக்குனு தெரிஞ்சுட்டு போனா நடக்குறதே வேற மாதிரி இருக்கும். வாலென்சியா அரபு ராஜாக்கள் கைல இருந்தப்போ 11ம் நூற்றாண்டுல ஒரு மதில் கட்டுனாங்க. அப்புறம் கிறிஸ்தவ ராஜா வந்தாச்சு, ஊரு பெருகி மதிலுக்கு வெளில வழிஞ்சிருச்சு, 1356ல அதுக்கு வெளில இன்னொரு பெரிய மதில் கட்ட ஆரம்பிச்சாங்க. இந்த ரெண்டு மதிலுக்கும் நடுவுல மாட்டுன துண்டு தான் எல் கார்மென். ஆத்தோரமா தோல் பதனிடுறவங்க, சாயம் போடுறவங்கனு நாத்தம் புடிச்ச தொழில் எல்லாத்தையும் ஊருக்கு வெளில தள்ளுவாங்கல்ல, அவங்க எல்லாம் இருந்த இடம் இது. ஆத்துப் பக்கம் பிளாங்கெரீயாஸ்னு ஒரு ரோடு இருக்கு, அந்தப் பேரே தோல் தொழில்லேர்ந்து வந்தது தான். 1281ல கார்மெலைட்னு ஒரு கிறிஸ்தவ சாமியார் கூட்டம் மடம் கட்டுனாங்க, ஏரியாவுக்கு பேரு அதுலேர்ந்து வந்துச்சு.

வெளி மதில 1865ல இடிச்சுட்டாங்க, அப்போ வேலை இல்லாத ஜனத்துக்கு வேலை குடுக்கணும்னு சொல்லி இடிச்சாங்களாம். ரெண்டு பெரிய வாசல் மட்டும் தப்பிச்சுது, செர்ரானோஸ் கோபுரமும் குவார்ட் கோபுரமும். ஏன் தப்பிச்சுதுனா அந்த டைம்ல ரெண்டையும் ஜெயிலா வெச்சிருந்தாங்க, உள்ள ஆளு இருக்கும்போது எப்படி இடிக்கிறது. எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் இது.

குவார்ட் கோபுரத்துல வெளிப்பக்கம் நின்னு மேல பாருங்க, அம்மை போட்ட மூஞ்சி மாதிரி குழி குழியா இருக்கும். 1808ல நெப்போலியன் படை சுட்ட பீரங்கி குண்டு பட்ட இடம். பூசாம அப்படியே விட்டு வெச்சிருக்காங்க. இத கீழ நின்னே பாக்கலாம், அம்மா ஏற வேண்டாம். செர்ரானோஸ் 1392ல ஆரம்பிச்சு 1398ல முடிச்சது, பின்பக்கம் சுவரே இல்லாம திறந்து கிடக்கும், நாடக மேடை மாதிரி. ஸ்பெயின் உள்நாட்டுப் போர் டைம்ல மாட்ரிட் மேல குண்டு விழுதுனு பிராதோ மியூசியம் ஓவியங்கள லாரில ஏத்தி வாலென்சியாவுக்கு கொண்டு வந்து இந்த கோபுரத்துக்குள்ள தான் ஒளிச்சு வெச்சாங்க. மேல கான்கிரீட் போட்டு, அதுக்கு மேல நெல்லு உமியும் மண்ணும் கொட்டி மெத்தை மாதிரி பண்ணிருக்காங்க, குண்டு விழுந்தாலும் அதிர்ச்சி உள்ள போகக் கூடாதுனு. நெல்லு வயல் சுத்தி இருக்குற ஊரு, உமிக்கா பஞ்சம்! அம்மாகிட்ட இத சொல்லுங்க, நான் எங்கம்மாகிட்ட சொன்னப்போ கோபுரத்த விட்டுட்டு உமி மேட்டர தான் ரெண்டு தடவ கேட்டாங்க.

அங்கேர்ந்து உள்ள நடந்தா பழைய மடம், இப்போ சென்ட்ரே டெல் கார்மேனு கலைக்கூடம், டிக்கெட் கிடையாது. உள்ள ரெண்டு முற்றம், ஒண்ணு கோதிக் ஒண்ணு மறுமலர்ச்சி காலத்து ஸ்டைல். அம்மாவ அங்க உக்கார வெச்சுட்டு பையன ஓட விடலாம், திங்கக்கிழமை மட்டும் லீவு. பக்கத்துலயே மூசேயோ தெருல சுவரோட அடில முழங்கால் உயரத்துக்கு குட்டியா ஒரு வீட்டு முகப்பு செதுக்கி வெச்சிருப்பாங்க, கூரை ஜன்னல் எல்லாம் வெச்சு, பூனைங்க போக வர ஒரு பொந்து. பூனை வீடு. பையனுக்கு கோபுரத்த விட அது தான் ஞாபகம் இருக்கும்.

சுவர் ஓவியம் தேடி தனியா அலைய வேண்டாம், அதுவே வந்து மோதும். எஸ்கீஃப்னு வாலென்சியா ஆளு ஒருத்தர், ஹியூரோனு அர்ஜென்டினால பொறந்து இங்க வாழ்ந்த ஒரு அம்மா (2020ல இறந்துட்டாங்க), இவங்க ரெண்டு பேரோடது கண்ணுல பட்டா நில்லுங்க. மத்தது நிறைய வெறும் கிறுக்கல், வீட்டு ஓனருங்க திட்டிட்டே வெள்ளை அடிப்பாங்க, மறுநாள் திரும்ப கிறுக்குவானுங்க.

உள் மதில், அதான் அரபு மதில், வெளில நிமிர்ந்து நிக்காது. வீடுங்களோட பின்சுவரா, கார் நிக்கிற காலி மனைல மொட்டையா, அங்கங்க துண்டு துண்டா இருக்கும். ஆஞ்சல் சதுக்கம் பக்கம் அரபு கோபுரம் ஒண்ணு வீடுங்களுக்கு நடுவுல செருகி நிக்கும். வல்டீன்யா வாசல்னு 1400ல வெச்ச ஒரு வளைவு இருக்கு, ஒரு பக்கம் கிறிஸ்தவங்க தெரு, அந்தப் பக்கம் தாண்டுனா முஸ்லிம்கள் தெரு, ஊர ஜெயிச்ச பிறகு அவங்கள தனியா ஒதுக்கி வெச்ச சேரி மாதிரி. இப்போ அதுக்கு கீழ ஸ்கூட்டர் நிறுத்தி வெச்சிருப்பான். நான் தினம் அதுல பூந்து தான் மார்க்கெட் போவேன்.

வியாழன் காலைலயே இறங்குறீங்கன்னா ஒண்ணு மட்டும் விட்ராதீங்க, மதியம் சரியா 12 மணிக்கு கதீட்ரல் வாசல்ல, அப்போஸ்தலர் வாசல்னு பேரு, தண்ணீர் நீதிமன்றம் கூடும். வயலுக்கு தண்ணி பாயுற எட்டு வாய்க்காலுக்கும் ஒரு ஒரு ஆளு, விவசாயிங்க தான், கருப்பு அங்கி போட்டு நாற்காலில உக்காருவாங்க. ஒவ்வொரு வாய்க்கால் பேரா சத்தமா கூப்பிட்டு புகார் இருக்கானு கேப்பாங்க. எல்லாம் வாய்ப்பேச்சு தான், வக்கீல் கிடையாது, தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. நிறைய வாரம் புகாரே இருக்காது, ரெண்டு மூணு நிமிஷத்துல எந்திரிச்சு போயிருவாங்க, அதுக்காக ஏமாந்துட்டேன்னு என்ன திட்டாதீங்க. 2009ல யுனெஸ்கோ லிஸ்ட்ல சேத்தாங்க.

ரூம் பத்தி வேற யாராவது சொல்லட்டும், எனக்கு அப்போ வயசு 23, தூக்கம் ஒரு மேட்டரே இல்ல.

தூக்கம் போச்சு:

நான் சொல்றேன். உள்ள தங்காதீங்க. போன வருஷம் கபாயேரோஸ் தெருவுக்கு பக்கத்து சந்துல ஒரு டூரிஸ்ட் ஃபிளாட் எடுத்தோம், போட்டோல மரக்கூரை, கல்லு சுவர்னு அழகு. மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல, அத கடைசி வரில எழுதியிருந்திருக்கான், நாங்க பாக்கல. ராத்திரி 3 மணி வரைக்கும் கீழ கும்பல், அது அடங்குனா கண்ணாடி பாட்டில் அள்ளுற லாரி, அது போனா ரோடு கழுவுற வண்டி, கல்லு சந்துங்கறதால எல்லா சத்தமும் எதிரொலிச்சு நேரா கட்டிலுக்கு வருது. வியாழன் வெள்ளி சனி தான் உச்சம், நீங்க கரெக்டா அந்த மூணு ராத்திரியும் இருக்கீங்க, வாழ்த்துக்கள்.

இதுல நம்மளும் ஒரு காரணம்னு அங்க போனப்புறம் தான் புரிஞ்சுது. எதிர் பால்கனில பேனர் கட்டி வெச்சிருந்தாங்க, இங்க மனுஷங்க குடியிருக்கோம் தூங்க விடுங்கனு அர்த்தமாம். நம்ம எடுக்குற ஒவ்வொரு ஃபிளாட்டும் யாரோ ஒருத்தர் வாடகைக்கு இருந்த வீடு தான். லிஃப்ட் இல்லாம சூட்கேஸ இழுத்துட்டு ஏறும்போது கீழ் வீட்டு பாட்டி கதவ தொறந்து ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க, எனக்கு என்னமோ அவங்க வீட்டு அடுப்படிக்குள்ள செருப்போட நுழைஞ்ச மாதிரி ஆயிருச்சு.

கீழத்தெரு ஆளு:

@தூக்கம் போச்சு நீங்க சொல்றது நூத்துக்கு நூறு உண்மை ப்ரோ. நான் காலி பண்ணுன வீடே இப்போ டூரிஸ்ட் ஃபிளாட்டா ஆயிருச்சு.

அக்கா அப்போ குவார்ட் கோபுரத்துக்கு வெளிப்பக்கம் தங்குங்க, பொத்தானிக் கார்டன் இருக்குற ஏரியா. கோபுரத்துக்குள்ள பூந்தா பத்து நிமிஷத்துல எல் கார்மென் நடுவுல நிப்பீங்க. அந்த கார்டன்ல நிறைய பூனை இருக்கும், பையனுக்கு டபுள் ஜாக்பாட். கார்மென் உள்ள மெட்ரோ கிடையாது, ஏர்போர்ட்லேர்ந்து 3 இல்ல 5ம் நம்பர் லைன், ஆஞ்சல் கிமெராவுல இறங்கி நடந்துரலாம்.

குளிர்ல நடுங்கி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. உள்ள தங்குற ஐடியாவ தூக்கிப் போட்டாச்சு. கீழத்தெரு தம்பி, நீங்க எழுதுனத அம்மாவுக்கு அப்படியே படிச்சு காட்டுனேன். வாய்க்கா கோர்ட்டு மேட்டர் வந்ததும் "எங்க சித்தப்பா காலத்துல இப்படி ஒண்ணு இருந்திருந்தா மம்பட்டிய தூக்கிருக்க மாட்டாங்க"னு ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் மடை சண்டை கதை சொன்னாங்க. அதனால வியாழன் 12 மணி ஃபிக்ஸ்.

ஆனா சாப்பாடு பத்தி யாரும் வாய தொறக்கலயே? பயேல்லா பயேல்லானு ஒரு அரிசிச் சாப்பாட்ட ஊரே சொல்லுது, அதுல சைவம் உண்டா? அப்புறம் ராத்திரி பயம் இல்லாம நடக்கலாமா, அதுவும் சொல்லுங்க.

பாரிஸ் பனங்கொட்டை:

தங்கச்சி, சாப்பாட்டை நான் சொல்லுறன். நாங்கள் பாரிசில இருந்து ரெண்டு தரம் போனனாங்கள், என்ர மாமி உங்கட அம்மா மாதிரி தான், மச்சம் முட்டை ஒண்டும் தொடமாட்டா.

முதல் விசயம், பயேல்லா எண்டுறது மத்தியானச் சாப்பாடு. இரவில அதைக் கேட்டால் வெளிநாட்டுச் சனத்துக்கெண்டு சூடாக்கிக் குடுக்கிறது தான் வரும். அந்த ஊர் அசல் பயேல்லாவில கோழியும் முயலும் ரெண்டு மூண்டு வகை அவரையும் தான் போடுறது. மரக்கறிப் பயேல்லாவும் இருக்கு, பயேல்லா தே வெர்தூராஸ் எண்டு கேளுங்கோ, ஆனால் அவிக்கிற தண்ணி இறைச்சி அவிச்ச தண்ணியோ எண்டு கட்டாயம் கேக்க வேணும், மாமி ஒரு வாய் வைச்சுப்போட்டு வடிவா மணந்து பாத்து கோப்பையைத் தள்ளி விட்டவ, அதுக்குப் பிறகு தான் எங்களுக்கு விளங்கினது. அனேகமா ரெண்டு பேருக்குக் குறைய செய்யவும் மாட்டினம். நல்லா அமைஞ்சால் அடியில கருகிப் பிடிச்சிருக்கிற சோத்தைச் சுரண்டித் தின்னுங்கோ, அதுக்கு சொக்கர்ரத் எண்டு பேர் வைச்சிருக்கினம், எங்கட வீட்டில அடிப்பிடிச்சால் பேச்சு விழும், அங்க அதுக்குச் சண்டை பிடிக்கினம்.

ரெண்டாவது, வெஜிடேரியன் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. சலாட்டுக்கு மேல சூரை மீனைக் கொட்டிப்போட்டு இது இறைச்சி இல்லைத்தானே எண்டுவினம். சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் உவேவோ எண்டு மூண்டையும் சொல்லுங்கோ, இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், முட்டை இல்லாமல். பொரிச்ச உருளைக்கிழங்கு பத்தாத்தாஸ் பிராவாஸ் எல்லா இடமும் இருக்கு, ஆனா மேல ஊத்துற வெள்ளைச் சோசில முட்டை இருக்கும், தனியா வைக்கச் சொல்லுங்கோ. தக்காளி பூசின பாண், பொரிச்ச பச்சைமிளகாய் (உறைக்காது, பத்தில ஒண்டு உறைக்கும்), கத்தரிக்காய் பொரியல், இதுகளோட மாமியை ஓட்டிப் போட்டம். பிப்ரவரியில கூனைப்பூ (ஆர்ட்டிசோக்) நல்லா வரும், சுட்டுத் தருவினம்.

மெர்காதோ சென்ட்ரால் கட்டாயம் போங்கோ, கார்மெனில இருந்து நடந்து போற தூரம் தான். 1928ல திறந்த சந்தை, இரும்பும் கண்ணாடியும் ஓடும் பதிச்ச கூரை, அண்ணாந்து பாத்துக்கொண்டு நடந்தால் ஆரிலயும் மோதுவீங்கள். தோடம்பழம் அந்த மாசம் உச்சம். பின்னேரம் 3 மணிக்குப் பூட்டிப் போடுவினம், ஞாயிறு இல்லை. முன்னால லோன்ஹா எண்டு பழைய பட்டு வியாபார மண்டபம், தூண் எல்லாம் முறுக்கின கயிறு மாதிரி, ஒருக்கா உள்ள போய் நிண்டு பாருங்கோ. அந்த மண்டபம் கீழ்த்தளத்தில தான், அம்மாவுக்கும் சுகம்.

ஒர்ச்சாத்தா அம்மாவுக்குப் பயமில்லாமக் குடுக்கலாம், பால் இல்லை, சூஃபா எண்டொரு கிழங்கை ஊறவைச்சு அரைச்சுப் பிழியிறது, எங்கட கோரைக்கிழங்கின்ர சொந்தக்காரன். அதோட தொட்டுத் தின்ன ஃபார்தோன்ஸ் எண்டு நீட்டுப் பணிஸ் வைப்பினம், அதில முட்டை இருக்கு, அதை மகனுக்குக் குடுங்கோ. நீங்கள் போற நேரம் திருவிழாவுக்கு முன்னால தெருவெல்லாம் பூசணிக்காய் போட்டுப் பொரிக்கிற புனுவேலோ வண்டியள் நிக்கும், எங்கட வாய்ப்பன் மாதிரி, முட்டை போடாமல் செய்யிறது தான் வழமை, எண்டாலும் சின் உவேவோ கேட்டிட்டு வாங்குங்கோ.

இரவுப் பயம் ஒண்டும் இல்லை. பத்து மணிக்கும் பிள்ளையள் சதுக்கத்தில பந்தடிச்சுக்கொண்டு திரியும், தாய் தேப்பன் மேசையில இருந்து கதைக்குங்கள். இரவுச் சாப்பாடு எட்டரைக்கு முன்னால அடுப்பே பத்தவைக்க மாட்டினம், மகனுக்குப் பசி தாங்க ஏலாது எண்டால் பையில ஏதும் வைச்சிருங்கோ. கைப்பையை மட்டும் முன்னால போடுங்கோ.

கீழத்தெரு ஆளு:

பாரிஸ் அக்கா செமையா எழுதிட்டாங்க, நான் இதுக்கு மேல சாப்பாடு பேசல. ஆனா "திருவிழாவுக்கு முன்னால"னு அவங்க சொன்னதும் தான் எனக்கு உறைச்சுது. குளிர் அக்கா, நீங்க பிப்ரவரி கடைசி ஞாயிறு அங்க இருக்கீங்கல்ல? அன்னைக்கு தான் கிரீதா!

ஃபாயாஸ் திருவிழா மார்ச்ல நடக்கும், 19ம் தேதி ராத்திரி அந்த பெரிய பெரிய பொம்மைங்கள கொளுத்துவாங்க. அதுக்கு ஊர கூப்பிடுற சடங்கு தான் கிரீதா, பிப்ரவரி கடைசி ஞாயிறு சாயங்காலம் செர்ரானோஸ் கோபுரத்து மேலேர்ந்து அந்த வருஷத்து ஃபாயேராவா, அதாவது திருவிழா ராணியா, தேர்ந்தெடுத்த பொண்ணு ஊருக்கே அழைப்பு விடுவாங்க, கீழ கடல் மாதிரி கூட்டம், அப்புறம் வாணவேடிக்கை. அன்னைக்கு காலைல விடியும்போதே தெஸ்பெர்தானு இன்னொண்ணு, ஊர எழுப்புறோம்னு ரோட்டுல வெடிய எறிஞ்சுட்டே ஊர்வலம் போவாங்க. மதியம் 2 மணிக்கு டவுன் ஹால் முன்னாடி மஸ்க்லெத்தா, அது கண்ணுக்கு இல்ல காதுக்கு வெடிக்கிற வெடி, தாளம் போட்டு வெடிப்பாங்க, நெஞ்செலும்பு அதிரும். பையன் பட்டாசு பயந்தவனா இருந்தா தூரமா நில்லுங்க, அம்மாவ கூட்டத்துக்குள்ள கொண்டு போகவே வேண்டாம்.

அதனால பிளான மாத்துங்க. செர்ரானோஸ் கோபுரம் வெள்ளிக்கிழமை காலைலயே முடிச்சுருங்க, ஞாயிறு மேடை ஏற்பாடு அது இதுனு அந்தப் பக்கமே அடைச்சு கிடக்கும். ஞாயிறு சாயங்காலம் ஆத்துக்குள்ள இறங்கி நின்னு பாருங்க, வாணவேடிக்கை தெரியும், நெரிசல் கம்மி. ஆத்துக்குள்ளயானு கேக்காதீங்க, தண்ணி இல்ல. 1957 அக்டோபர் 14ல தூரியா ஆறு பொங்கி எல் கார்மென் உட்பட ஊர மூழ்கடிச்சுது. அதுக்கப்புறம் ஆத்தையே ஊருக்கு தெக்கால திருப்பி விட்டுட்டாங்க. பழைய ஆத்துல ரோடு போடலாம்னு பாத்தாங்க, ஜனங்க விடல, இப்போ ஒம்போது கிலோமீட்டருக்கு தோட்டம், மேல பழைய பாலம் எல்லாம் சும்மா நிக்குது. அதே ஆத்துத் தோட்டத்துல இன்னும் கீழ போனா கலிவர்னு படுத்துக் கிடக்குற பூதம் மாதிரி ஒரு பார்க், 70 மீட்டர் நீளம், அவன் கை கால் முடி எல்லாம் சறுக்கு மரம். இலவசம். பையன் அங்கேர்ந்து வர மாட்டான்.

திருப்பி விட்ட புது ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்குற ஊருங்க தான் 2024 அக்டோபர் வெள்ளத்துல மாட்டுச்சு, 200 பேருக்கு மேல போயிட்டாங்க. பழைய டவுன் தப்பிச்சுது. என் கூட படிச்ச பொண்ணு குடும்பம் அந்தப் பக்கம், வீட்டுல கீழ்த்தளம் பூரா சேறு. அங்க யாராவது பேச்சு எடுத்தா கொஞ்சம் பாத்து பேசுங்க, அவ்ளோ தான்.

தூக்கம் போச்சு:

கடைசி ஞாயிறா?? ஐயோ. அக்கா நீங்க எங்க தங்கினாலும் அன்னைக்கு காலைல வெடி சத்தம் கேக்கும், நான் எழுதுனத எல்லாம் வாபஸ் வாங்கிக்கிறேன், அதுக்கு ஒரு வகைல சந்தோஷமும் கூட.

குளிர்ல நடுங்கி:

அடேங்கப்பா, தெரியாம போட்ட டிக்கெட்டுக்கு திருவிழாவா! பையன் மூணு வருஷமா தீபாவளிக்கு பட்டாசு இல்லைனு அழுதுட்டு இருக்கான், அவனுக்கு இன்னும் சொல்லல, சொன்னா இப்பவே தூங்க மாட்டான்.

பொத்தானிக் கார்டன் பக்கம் லிஃப்ட் இருக்குற சின்ன ஹோட்டல் ஒண்ணு புக் பண்ணிட்டேன், லிஃப்ட் இருக்கானு ரெண்டு தடவ மெயில் போட்டு கேட்டேன் @தூக்கம் போச்சு. வியாழன் கோர்ட்டு, வெள்ளி காலைல கோபுரமும் பூனை வீடும், சனி மார்க்கெட்டும் லோன்ஹாவும், ஞாயிறு ஆத்துக்குள்ள. பனங்கொட்டை அக்கா, அந்த மூணு வார்த்தையையும் அம்மா ஒரு பேப்பர்ல எழுதி மணிபர்ஸ்ல வெச்சுட்டாங்க, "சின் உவேவோ"னு காலைலேர்ந்து சொல்லி பழகிட்டு இருக்காங்க. ஒரே ஒரு கேள்வி பாக்கி, வெள்ளிக்கிழமை அந்த மேலத்தெரு கீழத்தெரு ரெண்டுலயும் அம்மா நடக்க முடியுமா, கல்லு ரொம்ப மேடு பள்ளமா?

கீழத்தெரு ஆளு:

மேலத்தெருனு பேரு தான் அக்கா, மேடு ஒண்ணும் இல்ல, வாலென்சியா தட்டையான ஊரு. கல்லு சில இடத்துல வழுக்கும், கழுவி விட்ட ஈரத்துல மட்டும் பாத்து வாங்க. கீழத்தெருல பச்சை கதவு போட்ட ஒரு வீட்ட கடந்து போனீங்கன்னா, பால்கனில ஒரு காஞ்சுபோன கறிவேப்பிலை தொட்டி இன்னும் இருக்கானு பாத்து சொல்லுங்க.